உத்தேசமான வாசகர்

மேலப்பூவனூர்க்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் சொல்வதில் பாதி பொய். இது மற்றப் பாதியைச் சேர்ந்தது.

அந்த ஊர்ப் படிப்பகத்துக்கு ஓர் இணையதளம் உண்டு. செயலாளர் கலியமூர்த்தி தினமும் விடிந்ததும் அதில் ஒரு கட்டுரை ஏற்றிவிடுவார். 'வெண்டைக்காயும் வாழ்வும்' என்ற தொடர் மட்டும் நாற்பத்தோரு பகுதி ஓடியிருந்தது. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. தலைவர் அமிர்தகடேசன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை பொதுக்குழு. படிக்கிற ஆள் ஒருத்தரையாவது கண்ணுல காட்டுங்க. இல்லேன்னா தளத்தை மூடிடுவோம்."

கலியமூர்த்திக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், தளத்துக்கு வந்துபோனவர்களின் பட்டியல் என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். திறந்து பார்த்தால் மூன்று புள்ளி வைத்த நீளமான ஓர் எண். இணைய முகவரியாம். பட்டியல் முழுக்க அதே எண்தான்.

"நான் கட்டுரை ஏத்தின அடுத்த நிமிஷமே வந்து படிச்சிருக்காருங்க!" கலியமூர்த்தி தலைவரிடம் ஓடிப்போய்ச் சொன்னார். "எனக்குக் காய்ச்சல் கண்ட மூணு நாளு மட்டும் வரல. பாவம், அவருக்கும் அந்த மூணு நாளு முடியல போல."

"என்ன ஒரு மன ஒத்துமை!" என்று பொருளாளர் ஞானப்பிரகாசம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எண்ணைப் போட்டால் இடத்தைக் காட்டும் பக்கம் ஒன்று இணையத்தில் இருக்கிறது. போட்டார்கள். முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, சிறுவரப்பூரில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. அடியில் பொடி எழுத்தில், 'இது உத்தேசமான இடம். ஐம்பது கிலோமீட்டர் வரை முன்பின் இருக்கலாம்' என்று போட்டிருந்தது.

தலைவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இடம் எப்படிங்க முன்ன பின்ன போவும்?"

"இடம் போவாது தலைவரே, ஆளுதான் போவாரு," என்றார் கலியமூர்த்தி. " காலையில நடக்கிற பழக்கம் உள்ளவரா இருக்கும்."

"அம்பது கிலோமீட்டரா?"

"அதான் விடிஞ்சதும் விடியாததுமா நம்ம கட்டுரையப் படிச்சிட்டுக் கெளம்பிடுறாரு."

அவர் கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டுமே! ஞாயிற்றுக்கிழமை கோழி கூவும்போதே பொதுக்குழுவை அப்படியே ஒரு வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு, பொன்னாடையும் மாலையுமாகப் புறப்பட்டார்கள்.

புள்ளி ஒரு சோளக்கொல்லையின் நட்டநடுவில் இருந்தது. அங்கே போய்ப் பார்த்தால், கிழிந்த சட்டையும் தலைக்கு ஒரு மண்சட்டியுமாக, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு பொம்மை நின்றது.

"ஆளா இது?" என்றார் தலைவர்.

"சட்டை இருக்கு. கை ரெண்டு இருக்கு. தலைன்னும் ஒண்ணு இருக்கு," என்றார் ஞானப்பிரகாசம்.

"உசிரு இல்லியே?"

"எடமே உத்தேசம்னுதானே போட்டிருந்தான்? ஆளும் உத்தேசமாத்தான் இருப்பாரு."

"அதானே!" என்று பொதுக்குழு மொத்தமும் கூவியது.

சத்தம் கேட்டுக் கொல்லைக்காரி செங்கமலம் அரிவாளும் கையுமாக ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்களும் நம்பரைப் போட்டுப் பாத்துட்டுத்தான் வந்தீங்களா? இந்தச் சுத்துவட்டாரத்துல எவன் நம்பரைப் போட்டாலும் என் கொல்லையத்தான் காட்டித் தொலைக்குது. போன மாசம் திருட்டுப்போன போனைத் தேடி ஒருத்தன் வந்து அரைக்காணி சோளத்த மிதிச்சிட்டுப் போனான். எங்க, அந்த நம்பரக் காட்டுங்க."

காட்டினார்கள். படிப்பகத்துக்கு இணைய இணைப்புக் கொடுத்தவர் அதன் எண்ணை எழுதிக்கொடுத்த சீட்டு கலியமூர்த்தியின் சட்டைப்பையிலேயே இருந்தது. செங்கமலம் இரண்டையும் ஒத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்யா! நீங்க எழுதினத நீங்களேதான் படிச்சிட்டு இருந்திருக்கீங்க."

ஒரே ஒரு வாசகர் இருந்தார், அவரும் போய்விட்டாரே என்று கலியமூர்த்தி அழத் தொடங்கினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் எங்கேயும் போகவில்லை, தானேதான் அவர் என்பது புரிந்தது. முகம் மலர்ந்து, பொன்னாடைக்கு வாகாகக் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்.

தலைவர் கைபேசியைப் பார்த்தார். பிறகு பொம்மையையும் கலியமூர்த்தியையும் பார்த்தார்.

"செயலாளரே, புள்ளி அவரு மேல இருக்கு. நீங்க நாலடி தள்ளி நிக்கிறீங்க."

"படிச்சது நாந்தாங்களே?"

"இல்லேங்கல. ஆனா அந்த எடத்துல இருக்கிறது அவருதானே?"

நியாயம் நியாயம்தானே. கலியமூர்த்தியே பொன்னாடையின் ஒரு முனையைப் பிடித்துப் பொம்மைக்குப் போர்த்தினார். எல்லோரையும்விட ஓங்கிக் கை தட்டியதும் அவர்தான். வாசகர் கிடைத்துவிட்டபடியால் தளத்தைத் தொடர்ந்து நடத்துவது என்று அங்கேயே தீர்மானம் நிறைவேறியது. அடுத்து, விழா நாயகரின் ஏற்புரை.

எல்லோரும் கை கட்டி நின்றார்கள். வெயில் உச்சிக்கு ஏறியது. ஒரு காக்காய் வந்து சட்டிமேல் உட்கார்ந்துவிட்டுப் போயிற்று.

"இவ்வளவு மரியாதை செஞ்சிருக்கோம். ஒரு வார்த்தை பேசினா கொறஞ்சா போயிடுவாரு?" என்று தலைவர் சலித்துக்கொண்டார்.

"விடுங்க தலைவரே," என்றார் கலியமூர்த்தி, பொம்மையை வாஞ்சையோடு பார்த்தபடி. "வாசகருங்களே அப்படித்தான். படிப்பாங்க, வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டாங்க."