சத்தம் போடாத இன்ஜின்

சத்தம் போடுகிறவனைச் சந்தேகப்படுவதும், வாயைத் திறக்காதவனை நல்லவன் என்று நம்பிவிடுவதும் நமக்கெல்லாம் உள்ள பழக்கம். கார் இன்ஜின் விஷயத்திலும் அப்படித்தான். சின்னப்பராஜின் கதையைக் கேளுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் வழியிலேயே கிடக்கிறது. கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டு என்னைக் குறை சொல்லக் கூடாது.

சேலத்துக்கு மேலே ஒரு மலையூரில் சின்னப்பராஜ் டாக்சி ஓட்டிவந்தார். பழைய வெள்ளைக் கார். ஒரு வருடமாக அதன் இன்ஜின் தட்டிக்கொண்டிருந்தது. காலையில் சாவி போட்டதும் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல ‘டொக் டொக்’ என்று கேட்கும். சூடேறிவிட்டால் தானாக அடங்கிவிடும். வெளியே தெரிந்தால் ஸ்டாண்டில் மானம் போய்விடும் என்று அவர் ஒரு வழி செய்துகொண்டார். விடிந்ததும் வீட்டு வாசலிலேயே வண்டியைக் கிளப்பி, சத்தம் அடங்கும்வரை ஓடவிட்டு, அணைத்துவிட்டுக் காபி குடிக்க உள்ளே போவார். அவர் திரும்பி வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பூனை இன்ஜினை மூடும் பானட்டின் மேல் ஏறிச் சுருண்டிருக்கும். அதை விரட்டிவிட்டு ஸ்டாண்டுக்கு ஓட்டிப் போனால், அங்கே எத்தனை முறை சாவி போட்டாலும் வண்டி பரம சாதுவாகக் கிளம்பும்.

கார்த்திகை மாதத்தில் அதே ஸ்டாண்டைச் சேர்ந்த வேறொரு கார், பயணிகளோடு கொண்டை ஊசி வளைவில் நின்றுபோனது. இன்ஜின் உடைந்திருந்தது. மார்கழி பிறந்ததும் ஸ்டாண்டுத் தலைவர் நாச்சிமுத்து எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விதி போட்டார்.

“தை மொத நாளு எல்லா வண்டியும் இங்க நிக்கணும். முந்தின நாளே கொண்டாந்து விட்டுட்டுப் போயிரணும். காலையில என் முன்னாலதான் சாவி போடணும். தட்டுற வண்டிக்கு அப்புறம் இந்த ஸ்டாண்டுல எடம் கெடையாது.”

சின்னப்பராஜுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்த ஊரில் ஸ்டாண்டில் இடம் போனால் பிழைப்பே போன மாதிரி. மெக்கானிக்கிடம் ஓடினார். அவர் இன்ஜினைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பிஸ்டன் லூசு, அது ஓடுற போரும் தேஞ்சிருச்சு. இதப் பிரிச்சு மாட்டறதுக்கு வேற இன்ஜினே வெச்சுரலாம்ணா.” சேலத்தில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இரண்டு கடைகளுக்குப் போன் செய்து, மறுநாள் காலையில் ஆள் வரும் என்று சொல்லிவைத்தார்.

சின்னப்பராஜ் மனைவி ஜெயசீலியோடு சேலத்துக்கு இறங்கினார். தனியாக அனுப்பினால் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவார் என்பது அவளுக்குத் தெரியும். மார்கழிக் குளிர் இன்னும் விடாத நேரத்தில் முதல் கடைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தகரக் கொட்டகைக்குள் ஒரு இரும்புச் சட்டத்தில் இன்ஜினைப் பொருத்தி வைத்திருந்தார்கள். அதன் மேல் ஒரு சாம்பல் நிறப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் துண்டை உதறி அதை விரட்டினார்.

“ரெண்டு மாசமா இது ஓடவே இல்லீங்க. இப்ப உங்க முன்னாலதான் பேட்டரி குடுக்கறேன், பாருங்க.”

ஒரே சுற்றில் கிளம்பியது. தட்டல் இல்லை, புகை இல்லை. சின்னப்பராஜுக்கு முகமெல்லாம் பல்.

இரண்டாவது கடையில் இருந்த இன்ஜின் மேல் தூசி அப்பியிருந்தது. பலமுறை முனகிவிட்டுத்தான் கிளம்பியது. கொஞ்ச நேரம் புகை விட்டது. புகை நின்ற பிறகும் ‘டிக் டிக்’ என்று மெல்லிய சத்தம் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

“மேல வால்வுகிட்ட இருக்கற டேப்பட் சத்தங்க. இடைவெளிய சரி பண்ணினாப் போயிரும். உள்ள தட்டுற சத்தம் இது இல்ல” என்றார் அந்தக் கடைக்காரர். விற்கிறவர் வேறென்ன சொல்வார் என்று சின்னப்பராஜ் நினைத்துக்கொண்டார்.

அவர் நேராக முதல் கடைக்குத் திரும்பினார். கடை வாசலைத் தாண்டிய சரக்கை அந்தத் தெருவில் எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. பணம் எடுக்க அவர் சட்டைப்பையில் கையை விட்டபோது ஜெயசீலி அவரை ஓரமாக இழுத்தாள்.

“ஏங்க, இது வேண்டாம். அதையே எடுத்துக்கலாம்.”

“உனக்கு இன்ஜினப் பத்தி என்ன தெரியும்? அது இருமுது. இது மூச்சே விடல.”

“இன்ஜினப் பத்தித் தெரியாதுதான். உங்களப் பத்தித் தெரியும்.”

கேட்கிறவர்களே, இருவரில் யார் சொன்னது சரி? ஜெயசீலி எதைப் பார்த்து அப்படிச் சொன்னாள்?

விடை: ஜெயசீலி சொன்னதுதான் சரி. அவள் பார்த்தது பூனையை. இரண்டு மாதமாக ஓடாத இரும்பு மார்கழிக் காலையில் தொட முடியாதபடி சில்லிட்டிருக்கும். எந்தப் பூனையும் அதன் மேல் படுத்துத் தூங்காது. ஆள் வருவது தெரிந்து, கடைக்காரர் முன்கூட்டியே இன்ஜினை ஓடவிட்டுச் சத்தத்தை அடக்கிவைத்திருந்தார். தூசி படிந்த இரண்டாவது இன்ஜினோ குளிரிலேயே கிளம்பியும் ‘டொக் டொக்’ என்று தட்டவில்லை. தினமும் ஸ்டாண்டை ஏமாற்றப் பயன்படுத்திய வித்தையிலேயே சின்னப்பராஜ் ஏமாறப் பார்த்தார். ஜெயசீலி பூனையைச் சொன்னதும் அவருக்குத் தன் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது, சட்டைப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே வந்தார். அந்த ‘டிக் டிக்’ இன்ஜினைத்தான் வாங்கினார்கள். மெக்கானிக் டேப்பட்டைச் சரிசெய்தார், சத்தம் நின்றது. தை முதல் நாள் பனியில் நனைந்து நின்ற வண்டி தலைவர் முன்னால் தட்டாமல் கிளம்பியது. இப்போது சின்னப்பராஜ் வாசலில் வண்டியைச் சூடாக்குவதில்லை. பக்கத்து வீட்டுப் பூனை சில நாள் பானட்டில் ஏறிப் பார்த்துவிட்டு, குளிர் தாங்காமல் இறங்கிப் போய்விட்டது. அது இப்போதெல்லாம் காலையில் மேல் தெருவில், தலைவர் நாச்சிமுத்துவின் கார் மேல் படுத்துத் தூங்குகிறது.