சுவரைப் பார்க்கும் பெஞ்சு

"டீச்சர், எனக்கு இந்த வேலை சரிப்படாது" என்றார் சூசைமாணிக்கம்.

ஐம்பது வயதில் வடிவமைப்பு கற்றுக்கொள்ள வந்த மனிதர். டீச்சர் எழில்மங்கைக்கு முப்பத்திரண்டுதான்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"எங்க தெருக் காலி இடத்துல பூங்கா போட, ஏஐகிட்ட கேட்டு விதவிதமா படம் எடுத்துத் தெருக்காரங்ககிட்ட கொண்டுபோனேன். ஒவ்வொண்ணும் சினிமா செட் மாதிரி. உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கன்னேன். எல்லாரும் 'நல்லாருக்கு'ன்னு டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க."

"நல்லதுதானே?"

"நாளைக்குக் கவுன்சிலர் கூட்டத்துல எல்லாரும் சேந்து ஒரு படத்தை முடிவு பண்ணலைன்னா, இடம் கார் நிறுத்தப் போயிரும் டீச்சர். பிள்ளைகளுக்கு வேற இடமே இல்ல."

டீச்சர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் தள்ளினார்.

"எல்லாமே தப்பா இருக்கிற மாதிரி ஒரு பூங்கா கேளுங்க."

கேட்டார். வந்தது.

பெஞ்சுகள் சுவரைப் பார்த்துக் கிடந்தன. சறுக்குமரம் நேராகக் கழிப்பறை வாசலில் இறங்கியது. ஊஞ்சலை ஒட்டி முள்வேலி.

"இதைக் கொண்டுபோனா மானம் போயிரும் டீச்சர்!"

"பெரிசா அச்சடிங்க. சிவப்புப் பேனா நிறைய வாங்கிக்கோங்க."

மறுநாள் கூட்டத்தில் படத்தை விரித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"யோவ், பிள்ளை சறுக்கிப் போய் கக்கூஸ்லயா விழணும்?" என்றார் பால்கடைக்காரர்.

"சுவத்தப் பாக்கவா நான் பூங்காவுக்கு வாரேன்?" எதிர்வீட்டு பிலோமினா பேனாவைப் பிடுங்கி பெஞ்சைத் திருப்பி வரைந்தார்.

"அங்க வேண்டாம்க்கா, சாயங்கால வெயில் மூஞ்சில அடிக்கும். வேப்பமரத்தடிக்குக் கொண்டாங்க" என்றார் பக்கத்தில் நின்ற பெண்.

அவ்வளவுதான். ஆளுக்கொரு பேனா. நாற்காலியில் ஒருவரும் இல்லை. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு வீட்டுக்காரர்கள், ஊஞ்சலை வேலியிலிருந்து தள்ளிப் போட ஒன்றாகச் சண்டை பிடித்தார்கள். டீ ஆறிப்போனது.

பொழுது சாயும்போது படம் முழுக்கச் சிவப்பு. அதற்குள் ஒரு பூங்கா இருந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

"பூங்காதான்! கார் நிறுத்த வேற இடம் பாத்துக்கலாம்" என்றார் கவுன்சிலர்.

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

"அது சரி, முதல்ல இந்தக் கண்றாவியப் போட்டது யாருப்பா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சிரித்தார்கள்.

சூசைமாணிக்கம் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

"நான்தான்!"