பூதத்தின் மடியில் காதுகுத்து

பூதங்கள் பட்டப்பகலிலேயே ஊருக்குள் வந்துபோன காலம் அது. ஒரு நாள் கோயிலில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காதுகுத்து. பிள்ளைபிடிக்கிற பூதம் ஒன்று, பிடித்த பிள்ளைகளை அடைத்த சாக்கோடு வந்து உட்கார்ந்து, வாசல் பெருக்கும் இருளாயியின் பெண்குழந்தையைப் பிடுங்கி மடியில் வைத்தது. ஊரே உறைந்து நின்றது. கூடப்பிறந்தவன் இல்லாத இருளாயி, ஊசியோடு நின்ற ஆசாரியைப் பார்த்து, “ஆசாரி, குத்துங்க!” என்றாள். அவரும் குத்திவிட்டார்.

“என்னடி பண்ணினே?” பூதம் அலறியது.

“மடியில வச்சுக் காது குத்தினா தாய்மாமன்தானே அண்ணே? மருமகளைத் திங்கலாமா? இனிச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் நீங்கதான் சீர் கொண்டு வரணும்.”

“ஐயோ, நான் பூதம்டி!”

“இருந்துட்டுப் போங்க. சாக்குல இருக்கிற பிள்ளைகளையும் ஒவ்வொண்ணா மடியில வைங்க. அதுகளுக்கும் குத்திரலாம்.”

பூதம் பதறி எழுந்தது. குழந்தையை அவள் கையில் கொடுத்தது. சாக்கை அவிழ்த்து எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டது. வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தது.