மூன்றாவது பிஸ்டனின் தட்டல்

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் தெய்வயானை என்று ஒரு குரு இருந்தார். வயது நாற்பதுதான். துறவுக்கு வருமுன், தகப்பனாரோடு சேர்ந்து மண் தள்ளும் வண்டிகளைப் பழுது பார்த்தவர். சீடர்களில் ஆதிமூலம் என்பவர் குருவைவிட மிகவும் மூத்தவர். அரிசி ஆலை நடத்தியவர். ஆலையை மகனிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்.

ஆசிரமத்தில் ஒரு பழைய டிராக்டர் இருந்தது. சக்கரங்களுக்குப் பதில் இரும்புச் சங்கிலிகளில் ஊர்கிற வகை. முன்னால் மண் தள்ளும் தகடு. ஏரிக்கரையில் ஓரிடம் உள்வாங்கியிருந்தது. கரைக்குக் கீழேதான் ஊர். மழை இறங்குமுன் அந்த இடத்தை மண் கொண்டு அடைத்தாக வேண்டும்.

பாதி வேலையில் இன்ஜின் தட்டத் தொடங்கியது. மண்ணைத் தள்ளும்போதெல்லாம் உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம்.

பொறுப்பு ஆதிமூலத்திடம் இருந்தது. அவர் டீசலை மாற்றினார். வடிகட்டியை மாற்றினார். வால்வு இடைவெளியைச் சரி பார்த்தார். சத்தம் அப்படியே இருந்தது. வண்டியை ஓட்டுகிற சடையன் கீழ் ஊர்க்காரர். ஒவ்வொரு முறையும் தனக்குத் தோன்றியதைப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். டீசலில் தண்ணீராக இருக்கலாம் என்றார், ரேடியேட்டராக இருக்கலாம் என்றார், கண்பட்டிருக்கலாம் என்றும் சொன்னார். ஆதிமூலம் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் குருவிடம் போனார்.

"அந்த ஆளை அனுப்பிடுங்க அம்மா. இல்ல, என்னை அனுப்பிடுங்க."

"சத்தம் எந்த இடத்துல?" என்று கேட்டார் குரு.

"எல்லா இடத்துலயும்தான்."

குரு எழுந்து வந்தார். இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, டீசல் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, மறுபடி இறுக்கச் சொன்னார். நட்டு தளர்ந்தால் அந்தக் குழாய் போய்ச் சேரும் பிஸ்டனுக்கு டீசல் போகாது. முதலாவதைத் தளர்த்தியபோது இன்ஜின் திணறியது, சத்தம் நிற்கவில்லை. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் சத்தம் அடங்கியது.

ஆதிமூலத்தின் முகம் மலர்ந்தது. டீசலைப் பீய்ச்சும் மூன்றாவது நாசில்தான் கெட்டிருக்கிறது, புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார்.

"முதல் நாசிலைக் கழற்றி மூணாவதுல போடுங்க. மூணாவதை முதல்ல போடுங்க."

"அதான் தெரிஞ்சுபோச்சே அம்மா."

"போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றிப் போட்டார். நாசில் இடம் மாறியது. சத்தம் மாறவில்லை. மூன்றாவதிலேயே தட்டியது. கோளாறு நாசிலில் இல்லை, அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆதிமூலம் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

எண்ணெயை வடித்துவிட்டு, சேற்றில் மல்லாந்து படுத்து, அடியில் இருந்த எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினார்கள். குருவும் கூடவே படுத்திருந்தார். தொட்டியைத் தாங்கிப் பிடித்தபடியே ஆதிமூலம் பேசத் தொடங்கினார். வீட்டிலும் இதே கதைதானாம். மகன் மூட்டையை அடுக்கினால் ஒன்று கோணலாக நிற்கும். மருமகள் கதவை மூடினால் பாதி திறந்திருக்கும். சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். ஒருநாள் மகன் எதிரில் நின்று, நீங்கள் இருக்கிற வீட்டில் மூச்சுவிட முடியவில்லை என்று சொல்லிவிட்டானாம். அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டார்.

"தொட்டியைச் சரியாப் பிடிங்க, என் மூஞ்சியில எண்ணெய் ஊத்துது" என்றார் குரு.

மூன்றாவது பிஸ்டனைத் தாங்கும் ராடைக் குரு கையால் பிடித்து அசைத்துக் காட்டினார். மற்றவை அசையவில்லை. இது டக்கென்று ஆடியது. ராடின் அடி மூடியைக் கழற்றி, அது கவ்வியிருந்த கிராங்க் தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். வழவழப்பாகவே இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்த பேரிங் மட்டும் தேய்ந்து, இடைவெளி கூடியிருந்தது. பழைய இன்ஜின் என்பதால் மூடிக்கு இரு பக்கமும் மெல்லிய பித்தளைத் தகடுகள் அடுக்கி வைத்திருந்தார்கள். தேயத் தேயத் தகட்டை எடுத்து இறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பக்கத்துக்கு ஒரு தகடு எடுத்துவிட்டு மூடியை இறுக்குங்கள் என்று சொல்லிவிட்டுக் குரு கை கழுவப் போனார்.

ஆதிமூலம் ஒரு தகடு எடுத்தார். பிறகு யோசித்தார். பாதி வேலையில் மறுபடி தட்டினால் இந்தச் சேற்றில் மறுபடி யார் படுப்பது? எல்லாத் தகடுகளையும் எடுத்தார். பலம் கொண்ட மட்டும் இறுக்கினார். ராடை அசைத்துப் பார்த்தார். மயிரிழைகூட ஆடவில்லை. மனம் நிறைந்து வெளியே வந்தார்.

குரு வந்ததும், தொட்டியை மாட்டுமுன் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடலாம் என்றார். எளிதாகச் சுற்ற நாசில்களைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் கைப்பிடியைச் செருகினார்கள். ஆதிமூலம் சுற்றினார். நகரவில்லை. சடையனும் சேர்ந்து பிடித்தார். இருவருமாகத் தொங்கினார்கள். கை வழுக்கி ஆதிமூலம் குப்புற விழுந்தார்.

மழை தூறத் தொடங்கியிருந்தது. கரையின் மேலிருந்து ஊர் ஆட்கள் கூப்பிட்டார்கள். தண்ணீர் கசிகிறதாம்.

ஆதிமூலம் எழுந்து டிராக்டரின் சங்கிலியை ஓங்கி உதைத்தார். கால்தான் வலித்தது. இந்தச் சனியனை எடைக்குப் போடுங்கள், நானும் இன்றோடு போகிறேன் என்று கத்தினார். சடையன் தள்ளி நின்றுகொண்டார்.

"எத்தனை தகடு எடுத்தீங்க?" என்று குரு கேட்டார்.

ஆதிமூலம் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். கை நிறைய இருந்தது.

குரு கண்களை மூடிப் பெருமூச்சுவிட்டார். அவருக்கும் கோபம் வராமல் இல்லை. சேற்றில் மறுபடி படுத்தார். ஆதிமூலமும் படுத்தார். மூடியைக் கழற்றி, பேரிங்கில் விரலால் எண்ணெய் தடவி, பக்கத்துக்கு ஒன்று போக மீதித் தகடுகளைத் திரும்ப வைத்தார்கள். இறுக்கியதும் சடையன் கைப்பிடியைப் பிடித்தார். கனமாக, ஆனால் நிற்காமல் சுற்றியது.

தொட்டியையும் நாசில்களையும் மாட்டி, எண்ணெய் ஊற்றி, கிளப்பியபோது மழை வலுத்துவிட்டது. சடையன் மண்ணைத் தள்ளினார். ஆதிமூலம் மண்வெட்டியோடு பக்கத்திலேயே நடந்து, மண் தள்ளும் தகட்டில் ஒட்டிய சேற்றை வழித்துவிட்டுக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் கசிவு நின்றது. கீழே ஊரில் அடுப்புப் புகை எழுந்தது.

எல்லாரும் களைத்துக் கரையில் உட்கார்ந்தார்கள். இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆதிமூலம் தலையைச் சாய்த்துக் கேட்டார். எழுந்து கிட்டப் போய்க் கேட்டார். திரும்பி வந்தார்.

"அம்மா, இன்னும் லேசா ஒரு சத்தம் இருக்கு. நாளைக்கு இன்னும் ஒரே ஒரு தகடு எடுத்துடட்டுமா?"

குரு கையிலிருந்த சேற்றைப் புல்லில் துடைத்தார்.

"நீங்க எல்லாத்தையும் எடுத்தப்ப சத்தமே இல்லை" என்றார். "சுத்தவும் இல்லை."