அமலியின் பத்தியம்

மழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் துரைக்கண்ணுவுக்குத் தையல்நாயகி அம்மாளின் வைத்தியசாலை நினைவு வரும். கடலோர ஊர். கூடத்துக் கொடிகளில் மூலிகைக் கட்டுகள் தொங்கும். கதவைத் திறந்தால் உப்புக்காற்றும் பச்சிலை வாசமும் ஒன்றாக வந்து முகத்தில் படும். இப்போது அந்த அம்மாளும் இல்லை, அந்தக் கூடமும் இல்லை.

துரைக்கண்ணு அங்கே சீடராகப் போனபோதே அவருக்குத் தலை நரைத்திருந்தது. டவுனில் ஓர் ஆங்கில வைத்தியரிடம் நெடுங்காலம் கம்பவுண்டராக இருந்தவர். குருவோ அவரைவிட இளையவர். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். இவர் 'அம்மா' என்பார்.

ஒரு நாள் காலையில் அமலி வந்தாள். புதிதாகக் கல்யாணமான மீனவப் பெண், மஞ்சள் காமாலை. போன முறை அவளுக்கு மருந்து கொடுத்துப் பத்தியம் சொன்னவர் துரைக்கண்ணுதான். மீன் ஆகாது, எண்ணெய் ஆகாது என்று மடமடவென்று ஒப்பித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள்.

இப்போது கண்ணில் மஞ்சள் ஏறியிருந்தது. நிற்கவே முடியவில்லை. மீன் தின்றாயா என்றார். இல்லை என்றாள். வாசனை இங்கே வரைக்கும் வருகிறதே என்று குத்தினார். அவள் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் உள்ளே வந்து குருவிடம் முறையிட்டார்.

"இப்படியே போனா அந்தப் பொண்ணு பிழைக்காதும்மா. சொன்னதைக் கேட்கலை. கேட்டா பொய் சொல்லுது. இவங்களுக்கு எப்படித்தான் புரியவைக்கிறது?"

அம்மாள் கல்வத்தில் எதையோ அரைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அடுப்பில் இருக்கும் கஷாயத்தை எட்டுக்கு ஒன்றாக வற்றவைத்து, தெளிவு இறுத்து, அனுபானம் சேர்த்து எடுத்துவரும்படி ஒரே மூச்சில் சொன்னார்.

"புரிஞ்சுதா, அண்ணே?"

"ஆகட்டும்மா."

கஷாயம் வற்றியது. துரைக்கண்ணு வடிகட்டினார். அதற்குமேல் தெரியவில்லை. தேன் குப்பியைப் பார்த்தார், நெய்ச் சாடியைப் பார்த்தார். கடைசியில் வெறும் கஷாயத்தோடு வந்து நின்றார். அனுபானம் எங்கே என்றார் அம்மாள்.

"அப்படின்னா என்னன்னு தெரியலைம்மா."

"மருந்தைக் கலந்து சாப்பிடுற தேன், பால், மோர். அவ்வளவுதான். அப்பவே கேட்டிருக்கலாமே?"

"நீங்க வேலையா இருந்தீங்க. இந்த வயசுல..." அவர் இழுத்தார். "எப்படிம்மா கேட்கிறது?"

அம்மாள் அமலி உட்கார்ந்திருந்த வாசல் பக்கம் பார்த்தார்.

துரைக்கண்ணு கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே போனார். அமலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். வீட்டில் யார் சமைப்பது என்று கேட்டார். மாமியார் என்றாள். என்ன குழம்பு வைப்பார்கள் என்று கேட்டார். அவள் வெகுநேரம் முந்தானையின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். அவரும் எழுந்திருக்கவில்லை.

"ஒரே சட்டிதானுங்க ஐயா. தினம் மீன்தான். வந்தே நாலு மாசம் ஆகலை, எனக்குத் தனியா வைங்கன்னு எப்படிச் சொல்றது? வயித்துவலின்னுட்டு வெறும் வயித்தோட படுத்துக்குவேன்."

அவர் எழுந்து உள்ளே வந்தார்.

"அது பொய் சொல்லலைம்மா. பட்டினி கிடந்திருக்கு. மாமியாரையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன். மருந்தை மாத்தட்டுமா?"

"எதுக்கு, அண்ணே? இன்னைக்குத்தானே வைத்தியத்தை ஆரம்பிச்சிருக்கீங்க."