புத்தாண்டில் கொம்பு அழுவது ஏன்?

அந்தக் காலத்தில், ஆடும் மாடும் வாய்திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, யூதர்களின் புத்தாண்டில் கொம்பு ஊதும் வழக்கம் கிடையாது. மற்றதெல்லாம் இருந்தது. ஆப்பிளைத் தேனில் தொட்டுத் தின்பார்கள். மேய்ப்பன் மந்தையை எண்ணுவதுபோல, கடவுள் அன்று எல்லா உயிர்களையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அதற்குள் யாரை நோகடித்தோமோ அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அடுத்தவருக்குச் செய்த தப்பைக் கடவுள்கூடத் தாமாக மன்னிக்க மாட்டாரே! நரிகூடக் கோழியிடம் போய் நின்றது. கோழி மட்டும் என்ன இளித்தவாயா? கூரைமேல் இருந்தபடியே மன்னித்தது.

யூதேய மலையடிவாரத்தில் திர்சாள் என்றொரு விதவை ஆடு மேய்த்துவந்தாள். வாய் கொஞ்சம் நீளம். எல்தாத் அவளுக்கு ஒரே மகன். ஒருநாள் அவன் காவலில் கண்ணயர்ந்துவிட, ஓநாய் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. "நீ என் வயிற்றில் பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டாள் பாவி. அவன் அன்றே வீட்டைவிட்டுக் கிளம்பினான். மலைக்கு அந்தப் பக்கம் கூலி வேலைக்குப் போனவன் திரும்பவே இல்லை.

கொட்டின பாலை அள்ள முடியுமா? அன்றிலிருந்தே அவள் நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இவளிடம் பித்தும் இருந்தது, கல்லும் இருந்தது.

புத்தாண்டு நெருங்கியது. அவள் வளர்த்த ஆட்டுக்கடாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாயேன்" என்றது.

"பெத்தவள் போய் மகன் காலில் விழணுமா? நீ போ. அம்மா மன்னிக்கச் சொன்னாள் என்று சொல்லி, கையோடு கூட்டிக்கொண்டு வா."

"மன்னிப்பை யாராவது ஆள்விட்டுக் கேட்பார்களா, திர்சாள்?"

"போ என்றால் போயேன்!"

கடா போனது. திர்சாள் அடுப்பு மூட்டி, மகனுக்குப் பிடித்த மாதிரி வட்ட ரொட்டி சுட்டாள். கிண்ணத்தில் தேன் ஊற்றி மூடிவைத்தாள். வந்தவுடன் அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று இருந்தாள்.

புத்தாண்டன்று காலையில் கடா மட்டும் வந்தது.

"எங்கே அவன்? இன்னும் கோபமா?"

"கோபமே இல்லை. காய்ச்சலில் கிடந்தான். என்னைக் கண்டதும், 'அம்மா வந்தாளா?' என்றுதான் கேட்டான். என்னை அனுப்பினாள் என்றேன்."

"அப்புறம்? சொல்லேன்!"

"நம்பவில்லை, திர்சாள். 'அம்மா மெதுவாகத்தான் நடப்பாள், பின்னால் வந்துகொண்டிருப்பாள், கதவைச் சாத்தாதே' என்றான். சாகிறவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்."

ஐயோ, அந்தத் தாயின் வயிறு எரிந்ததை என்ன சொல்ல! மலையைப் பார்த்து மகனைக் கூப்பிட்டாள். குரல் முதல் பாறையைக்கூடத் தாண்டவில்லை. கடா தலையைத் தாழ்த்தி அந்தப் பாறையில் ஓங்கி மோதியது. கொம்பு முறிந்து விழுந்தது.

"நான் சொன்னது அவனுக்குப் போதவில்லை. இதில் நீயே சொல். மலை தாண்டிக் கேட்கும்."

திர்சாள் கொம்பில் வாய் வைத்து, 'எல்தாத், என்னை மன்னித்துவிடு' என்று சொல்லப் பார்த்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. நீளமாக ஒரு கூப்பாடு கிளம்பியது. அது உடைந்து விம்மலானது. விம்மலும் சிதறி விக்கல் விக்கலாக வந்தது. வயலில் நின்றவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். சண்டையை மனதில் வைத்திருந்தவர்கள் தின்றுகொண்டிருந்த ரொட்டியைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்க ஓடினார்கள். அதற்குப் பிறகு கடா வாய்திறந்து பேசவே இல்லை.

அன்று முதல்தான் யூதர்கள் புத்தாண்டில் ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதுகிறார்கள், அதுவும் நீளமாகக் கூப்பிட்டுவிட்டு விக்கி விக்கி அழுகிறது. மன்னிப்பை மட்டும் அவர்கள் ஆள்விட்டுக் கேட்பதில்லை, அவரவர் காலால் நடந்துபோய்க் கேட்கிறார்கள்.