இருநூற்றுப் பதினேழாம் பக்கம்

எண்ணிக்கை பொய் சொல்லாது என்று அடித்துப் பேசுகிறவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்கட்டும்.

கோவைக்கு வெளியே ஓர் ஆய்வு நிலையம். அங்கே நோய் எதிர்ப்பியலும் பரிணாமமும் சேர்ந்த புதிய துறைக்குத் தலைவர் பதவி ஒன்று. போட்டியிட்டவர்கள் இருவர். நிலையத்தைத் தொடங்கியவர் எழுதிவைத்த விதி இதுதான்: ‘எவருடைய ஆய்வைப் பிறர் அதிகமாகப் படித்துப் பயன்படுத்துகிறார்களோ, அவருக்கே பதவி.’ யாருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று எடுத்துக் கொடுக்கும் வேலை நூலகர் மெஹருன்னிசாவுக்கு.

முதலாமவர் ஞானதுரை. இரண்டு விலங்குகளில் ஒரே மரபணு ஒரே இடத்தில் ஒரே மாதிரி பழுதாகியிருந்தால், அந்தப் பழுது தனித்தனியாக நேர்ந்ததல்ல, ஒரே மூதாதையிடமிருந்து வந்தது என்பது அவர் கட்டுரையின் சாரம். அதற்கு மேற்கோள் அறுநூற்று நாற்பது.

இரண்டாமவர் செங்கமலம். நோயில் பிழைத்த கெண்டை மீனின் குஞ்சுகளும் அந்த நோயைத் தாங்குமா என்று எட்டு வருடமாகத் தொட்டி தொட்டியாக வளர்த்துப் பார்ப்பவர். மேற்கோள் எழுபத்தொன்று. அந்த எழுபத்தொரு பேரும் அவர் சொன்ன முறைப்படியே மீன் வளர்த்துப் பார்த்தவர்கள். அதிலும் முப்பது பேர், ‘பேரக்குஞ்சுகளுக்கு இது பொருந்தவில்லை’ என்று அவரை மறுத்து எழுதியிருந்தார்கள். மாதக் கடைசியோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. பதவி கிடைக்காவிட்டால் தொட்டிகளை மூடிவிட்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

மெஹருன்னிசாவும் செங்கமலமும் தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள்.

“எத்தனை வந்துச்சுக்கா?” என்று கேட்டார் செங்கமலம்.

“கூட்டத்துலதான் சொல்லணும் கண்ணு.”

அன்று மெஹருன்னிசா பாதிச் சாப்பாட்டிலேயே டப்பாவை மூடினார். வருத்தம் வேறு, வேலை வேறு என்று நினைத்துக்கொண்டு எழுந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம். மேற்கோள் பட்டியலை மூலத்தோடு ஒத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டார். ஏணியில் ஏறி, ஞானதுரையின் கட்டுரை வந்த ஆய்விதழின் கனத்த தொகுதியை இறக்கினார். கட்டுரை 217ஆம் பக்கத்தில் தொடங்கியது. ஆனால் அறுநூற்று நாற்பது பேரில் அறுநூறு பேர் அது தொடங்கும் பக்கம் 271 என்று போட்டிருந்தார்கள். அந்த அறுநூறில் முந்தியது, ஆறு வருடத்துக்கு முன் வெளிவந்து பலர் கைக்கும் போன, பிறர் ஆய்வுகளைத் திரட்டிச் சுருக்கிச் சொல்லும் ஒரு தொகுப்புரை. 271ஆம் பக்கத்தைப் புரட்டினார். அங்கே வேறு யாரோ நத்தை ஓட்டைப் பற்றி எழுதியிருந்தார்கள். தொகுதியை எடுத்ததுதான் எடுத்தோம் என்று, ஏணிப்படியிலேயே உட்கார்ந்து ஞானதுரையின் கட்டுரையையும் முழுதாகப் படித்து முடித்தார்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். இயக்குநர் கோதண்டபாணி சிரித்துவிட்டார்.

“பக்க எண்தானுங்க மேடம்? யாருக்கும் கை தவறும். அந்தப் பக்கம் அறுநூத்தி நாப்பது, இந்தப் பக்கம் எழுபத்தொண்ணு. அதுலயும் முப்பது பேர் தப்புங்கறாங்க. இதுல யோசிக்க என்ன இருக்குது?”

இப்போது நீங்கள் சொல்லுங்கள். இயக்குநர் சொன்னது சரியா? விதிப்படி பதவி யாருக்கு?

விடை: அறுநூறு கைகள் தனித்தனியாக ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறாது. தவறியது ஒரு கை. மற்றவர்கள் அந்தத் தொகுப்புரையைப் பார்த்து எழுதியவர்கள், அல்லது அப்படி எழுதியவர்களைப் பார்த்து எழுதியவர்கள். மூலத்தைத் தேடிப் போயிருந்தால் நத்தை ஓடு காட்டிக்கொடுத்திருக்கும். ஆக ஞானதுரையைப் படித்தவர்கள், கை தவறிய அந்த ஒருவரையும் சேர்த்து, மிஞ்சிப்போனால் நாற்பத்தொரு பேர். செங்கமலத்தை மறுத்த முப்பது பேரோ, படித்து, மீன் வளர்த்துப் பார்த்துத்தான் மறுத்தார்கள். எழுபத்தொன்றும் தேறும். பதவி செங்கமலத்துக்கே. மெஹருன்னிசா இதை விளக்கியதும், “இந்தக் கணக்கை எங்க கத்துக்கிட்டீங்க?” என்று இயக்குநர் கேட்டபோது, “ஞானதுரை சார் கட்டுரையிலதானுங்க” என்றார் மெஹருன்னிசா.

மறுநாள் ஞானதுரை நூலகத்துக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று மெஹருன்னிசா பயந்தார். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

“பதவி போனதுல வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய்யிங்க மேடம். ஆனா, கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்களாமே... நல்லா இருந்துச்சுங்களா?”